அப்பா தூங்குகிறார்

2022ஆம் ஆண்டு ஜூன் மாதம் எடை பார்த்த நாளில், என் மையத்துப் பதிவேட்டில் ஒரு குழந்தையின் பெயருக்கு நேரே 11 கிலோ 200 கிராம் என்று எழுதிவிட்டு, வழக்கம்போல் முந்தைய மாதங்களைப் பார்த்தேன். மே மாதத்திலும் அதே எடைதான். ஏப்ரலிலும் அதேதான். பிப்ரவரியிலிருந்து அந்தக் கோடு ஏறவே இல்லை. வேறு யாருடைய குழந்தையாக இருந்திருந்தாலும் அன்று மாலையே அதன் தாயை அழைத்து உட்கார வைத்துப் பேசியிருப்பேன். அந்தக் குழந்தை என் மகள் வயிற்றுப் பேரன். நான்கு மாதமாக அவன் எடையை என் கையாலேயே எழுதியிருக்கிறேன், என் கண்ணில் படவில்லை.

திருப்பூரின் ஓரத்தில் ஓர் அங்கன்வாடி மையத்தில் 26 ஆண்டுகள் பணியாளராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். இத்திட்டம் நாட்டில் தொடங்கியது 1975ஆம் ஆண்டு அக்டோபர் 2ஆம் நாள் என்றாலும், எங்கள் பக்கத்தில் இன்றும் இதைப் பால்வாடி என்றுதான் சொல்வார்கள், எங்களை டீச்சர் என்பார்கள். தாய்மார்களிடம் நான் ஓயாமல் சொல்லி வந்த ஒன்று உண்டு. குழந்தையின் எடை குறைந்தால்தான் கவலைப்பட வேண்டும் என்று நினைக்காதீர்கள், ஏறாமல் நின்றாலே ஏதோ சரியில்லை என்று பொருள். பேரனுடைய புயத்தில் ஊட்டச்சத்து நிலையை அளக்கும் வண்ண நாடாவைச் சுற்றினால், குறைவில்லை என்று பொருள்படும் பச்சை நிறம்தான் காட்டியது, எடையும் குறைபாடு என்று பதிவு செய்ய வேண்டிய அளவுக்கு இறங்கவில்லை. அதனால் எந்த எச்சரிக்கையும் வரவில்லை. கோடு மட்டும் படுத்துக் கிடந்தது.

இன்னொன்றும் இருந்தது. அதைப் பார்த்து நாங்கள் எல்லோரும் சிரித்துக்கொண்டிருந்தோம். மையத்தில் பாட்டுச் சொல்லித் தரும் நேரத்தில் மற்ற பிள்ளைகள் கைதட்டிக் கத்திப் பாடும்போது, இவன் மட்டும் எழுந்து ஒவ்வொருவர் முன்பாகவும் போய் நின்று, தன் உதட்டில் ஆள்காட்டி விரலை வைத்து "ஷ்" என்பான். எங்கள் சமையல் உதவியாளர் அவனுக்குச் சின்ன டீச்சர் என்று பெயரே வைத்துவிட்டார். இரண்டே முக்கால் வயதை நெருங்கிக்கொண்டிருந்த அவனிடம் அப்போது ஏழெட்டுச் சொற்களுக்கு மேல் இல்லை. இரண்டு வயது முடியும்போதே ஒரு குழந்தையிடம் ஐம்பது சொற்களாவது இருக்க வேண்டும், இரண்டு சொற்களைச் சேர்த்துப் பேசத் தொடங்கியிருக்க வேண்டும் என்பது எனக்குத் தெரியாததல்ல. "ஆம்பளப் பிள்ளைக லேட்டாத்தான் பேசும்" என்று ஊர் சொன்னதை நானும் பிடித்துக்கொண்டேன். அப்படிச் சொல்லும் தாய்மார்களிடம் எத்தனையோ முறை வாதாடியவள் நான்.

அவர்கள் வீட்டு நிலையைச் சொன்னால்தான் மற்றது புரியும். மகள் பனியன் கம்பெனியில் டைலர். காலை எட்டரைக்குப் போனால் ஒரு ஷிப்ட் மாலை ஐந்தரைக்கு முடியும், ஆனால் ஆர்டர் இருக்கும் காலத்தில் ஒரு ஷிப்டோடு இறங்கி வருகிறவர்களை எங்கள் ஊரில் விரல்விட்டு எண்ணலாம். ஒன்றரை ஷிப்ட் என்பதே எழுதாத சட்டம், அதன்படி வீட்டுக்கு வர இரவு ஒன்பதாகிவிடும். மருமகன் நிட்டிங் மிஷின் ஓட்டுகிறார், இரவு எட்டு மணிக்கு ஏறினால் காலை எட்டுக்குத்தான் இறங்குவார். குடியிருப்பது லைன் வீடு. ஓர் அறை, அதை ஒட்டி ஆள் திரும்ப இடமில்லாத சமையல்கட்டு, வரிசையில் எட்டு வீடுகளுக்குப் பொதுவாக இரண்டு குளியலறைகள். பிள்ளை பிறந்து ஏறக்குறைய இரண்டு ஆண்டுகள் மகள் வேலைக்குப் போகாமல் அவனோடு வீட்டில்தான் இருந்தாள். அந்த இரண்டு ஆண்டும் தாயின் கையிலேயே வளர்ந்த குழந்தைக்கு என்ன குறை வந்திருக்க முடியும் என்றுதான் நானும் நினைத்திருந்தேன்.

அந்த ஜூன் மாதத்தின் கடைசியில், உள்ளூர்க் கோயில் திருவிழாவுக்காக மையத்துக்கு விடுமுறை விட்ட ஒரு நாள் பகல் பதினொரு மணிக்கு மகள் வீட்டுக்குப் போனேன். பகல் நேரத்தில் அந்த வீட்டுக்கு நான் போனதே அபூர்வம். கதவு பாதி சாத்தியிருந்தது. உள்ளே டேபிள் ஃபேன் ஓடிக்கொண்டிருக்க, மருமகன் கண்ணுக்கு மேல் துண்டைப் போட்டுக்கொண்டு பாயில் தூங்கிக்கொண்டிருந்தார். அன்று விடுப்பு எடுத்திருந்த மகள் வாசற்படியில் உட்கார்ந்து அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். பேரன் சிலிண்டருக்கும் சுவருக்கும் இடையில் கிடந்த முக்கோண இடத்தில் செல்போனைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். படம் ஓடியது, சத்தமில்லை. சத்தத்தை முழுவதும் நிறுத்திவிட்டுத்தான் கையில் கொடுப்பார்களாம். அவனுக்குப் பக்கத்தில் இருந்த எவர்சில்வர் டம்ளர் கால் பட்டு உருண்டது. அந்தப் பிள்ளை செல்போனைக் கீழே போட்டுவிட்டு, அழுகிற குழந்தையின் வாயைப் பொத்துவதைப்போல் இரண்டு கையாலும் டம்ளரை அமுக்கிப் பிடித்துக்கொண்டு, அப்பாவையே பார்த்தான். அவர் புரண்டுகூடப் படுக்கவில்லை. நிதானமாக விரலை உதட்டுக்குக் கொண்டுபோய் என்னைப் பார்த்து "ஷ்" என்றான்.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. பிறந்த நாளிலிருந்து அவன் விழித்திருந்த பகல் முழுவதும் அந்த ஓர் அறையில் ஒருவர் தூங்கிக்கொண்டிருந்திருக்கிறார். அவன் கூவினால் அம்மா ஓடிவந்து வாயில் பால் பாட்டிலை வைத்திருக்கிறாள், தட்டைத் தட்டினால் பிடுங்கி வைத்திருக்கிறாள், அதற்கும் அடங்காதபோது சத்தமில்லாத படத்தைக் காட்டியிருக்கிறாள். ஒரு குழந்தை குழறும்போது பெரியவர்கள் அதற்குப் பதிலாக ஒரு சொல் சொல்ல, அது மறுபடி குழற, இப்படிப் பந்துபோல் போய்வந்துதான் பேச்சு வளர்கிறது. இங்கே அந்தப் பந்தை யாரும் திருப்பிப் போடவில்லை. யாரையும் குறை சொல்லவும் முடியாது. பன்னிரண்டு மணி நேரம் ஊசிகளுக்கும் பஞ்சுத் தூசுக்கும் நடுவில் நின்றுவிட்டு வருகிற மனிதர் தூங்கித்தான் ஆக வேண்டும், அவர் தூங்காவிட்டால் அடுத்த இரவு மிஷினில் கை போகும். அவருக்காகத்தான் மகள் பிள்ளையை அடக்கினாள்.

அன்று சுவரில் இருந்த தினசரி காலண்டரில் நான்கைந்து பழைய தாள்களைக் கிழித்து எடுத்து, பின்பக்கத்தில் மணி வாரியாகக் கோடு போட்டேன். ஒரு வேலை நாளில் பேரன் எத்தனை மணிக்கு எழுந்தான், வாயில் என்ன போயிற்று, யார் என்ன சொன்னார்கள், எப்போது தூங்கினான் என்று இருப்பதை இருப்பதுபோல் எழுதுவது என்று மகளும் நானும் பேசிக்கொண்டோம். மையத்தில் நான், இரவில் அவள். யோசனை சொல்வதில்லை, திருத்துவதில்லை, எழுதுவது மட்டும். குடும்பத்தில் எதையாவது மாற்ற நினைக்கிற யாருக்கும் நான் முதலில் சொல்வது இந்தத் தாள்தான், ஏனென்றால் நம் வீட்டைப் பற்றி நாம் மனத்தில் வைத்திருக்கும் படமும் நடப்பதும் ஒன்றாக இருப்பதில்லை.

மூன்று நாள் தாள்களைச் சேர்த்து வைத்துப் பார்த்தோம். தூங்கியது இரவு பதினொன்றரை, ஒரு நாள் பன்னிரண்டு. காலை எட்டேகாலுக்குத் தூக்கத்திலேயே சட்டை மாட்டி, வண்டியில் என் மையத்தில் கொண்டுவந்து விட்டிருக்கிறாள். மதியம் மையத்தில் தூங்கியதைச் சேர்த்தாலும் பத்து மணி நேரத்தை எட்டவில்லை. ஒன்று முதல் இரண்டு வயதுவரை நாளொன்றுக்கு 11 முதல் 14 மணி நேரமும், மூன்று நான்கு வயதில் 10 முதல் 13 மணி நேரமும் தூக்கம் வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2019இல் வெளியிட்ட வழிகாட்டுதல் சொல்கிறது. வளர்ச்சிக்கான ஹார்மோன் பெரும்பாலும் ஆழ்ந்த தூக்கத்தில்தான் சுரக்கிறது. பால் ஐந்து பாட்டில், ஏறக்குறைய ஒரு லிட்டர். இந்த வயதுக்கு அரை லிட்டரே தாராளம், அதற்கு மேல் போனால் வயிறு நிறைந்து சோறு இறங்காது, மலம் இறுகும், இரும்புச்சத்து குறையும். அவன் மையத்தில் சத்துமாவு உருண்டையையும் முட்டையையும் ஒதுக்கியது அடம் அல்ல, அவனுக்குப் பசியே இல்லை. இந்தியாவில் ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரையுள்ள குழந்தைகளில் 67 சதவீதம் பேருக்கு ரத்தசோகை என்று 2019 முதல் 2021 வரை நடந்த தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு சொன்னதைப் பயிற்சி வகுப்பில் கேட்டு நான் தலையாட்டியிருக்கிறேன். என் வீட்டுப் பால் பாட்டிலோடு அதைச் சேர்த்துப் பார்க்கவில்லை.

தாளில் எங்கள் இருவரையும் அதிகம் சுட்டது பேச்சுப் பகுதிதான். வா, உட்காரு, எடுக்காதே, சாப்பிடு, சத்தம் போடாதே, தூங்கு. மூன்று நாளில் அவனிடம் நாங்கள் சொன்னவற்றில் ஏறக்குறைய எல்லாமே ஏவல். "அங்க பாரு காக்கா" என்று ஒரே ஒரு வரி இருந்தது, அதையும் சொன்னது பக்கத்து வீட்டுப் பாட்டி.

என் பங்கை நான் மறைக்கக் கூடாது. மாலை நான்கு மணிக்கு மையம் முடிந்ததிலிருந்து ஒன்பது மணிக்கு மகள் வரும்வரை அவன் என் வீட்டில்தான் இருந்தான். 2021இலிருந்து பதிவேட்டில் எழுதுவதைப் போஷன் டிராக்கர் செயலியிலும் ஏற்ற வேண்டும் என்றாகிவிட்டது. மையத்தில் சிக்னல் ஒழுங்காக வராது என்பதால் நான் வீட்டுக்கு வந்துதான் பதிவு செய்வேன். அந்த நேரத்தில் அவன் மடியில் ஏறாமல் இருக்க, என் வீட்டுக்காரருடைய செல்போனில் எதையாவது போட்டுக் கையில் கொடுத்துவிட்டு, சர்க்கரை போட்ட பாலையும் பாட்டிலில் ஊற்றிக் கொடுத்துப் படுக்க வைத்துவிடுவேன். ஊரார் குழந்தைகளின் ஊட்டச்சத்து விவரத்தை ஒரு செல்போனில் ஏற்றுவதற்காக, சொந்தப் பேரனை இன்னொரு செல்போனிடம் ஒப்படைத்திருக்கிறேன். இரண்டு வயதுக்குள் திரையே கூடாது, இரண்டிலிருந்து ஐந்து வரை பெரியவர் பக்கத்தில் இருக்க ஒரு மணி நேரத்துக்கு மேல் கூடாது என்ற சுவரொட்டி என் மையத்துக் கதவிலேயே இருந்தது. பாட்டிலின் கணக்கைப் பற்கள் காட்டின. மேல்வரிசை முன்பற்கள் நான்கிலும் ஈறை ஒட்டிச் சுண்ணாம்புபோல் வெள்ளைக் கோடு, இரண்டில் பழுப்பு ஏறத் தொடங்கியிருந்தது. பாட்டிலைச் சப்பிக்கொண்டே தூங்கும் பிள்ளைகளுக்கு மேல்பற்கள்தான் முதலில் போகும், கீழ்ப்பற்களை நாக்கு மூடிக் காத்துக்கொள்ளும். நான்கு பற்களில் இரண்டை மட்டுமே காப்பாற்ற முடிந்தது.

முதலில் செய்தது, காது கேட்கிறதா என்று பார்த்தது. பேச்சுத் தாமதத்துக்கு வீட்டு நிலைதான் காரணம் என்று நாமே முடிவு கட்டிவிடக் கூடாது, காது கேளாமையோ வேறு வளர்ச்சிக் குறைபாடோ இருந்தால் வீட்டில் எதை மாற்றியும் பயனில்லை, காலம்தான் வீணாகும். அரசு மருத்துவமனையில் உள்ள மாவட்ட ஆரம்ப இடையீட்டு சேவை மையத்துக்கு அழைத்துப் போனோம். காது நன்றாக இருந்தது. கண் பார்த்துச் சிரிப்பதும், காட்டுகிற பொருளைத் திரும்பிப் பார்ப்பதும் சரியாக இருந்ததால், மூன்று மாதம் வீட்டில் பேச்சுக் கொடுத்துவிட்டு மறுபடி வரச் சொன்னார்கள். இப்படி இலவசமாகப் பார்க்கும் இடம் மாவட்டந்தோறும் இருப்பது பல பெற்றோருக்குத் தெரிவதில்லை, தெரிந்தவர்களும் "பிள்ளைக்கு என்னவோ இருக்குன்னு பேராகிடும்" என்று அஞ்சிப் போவதில்லை.

அடுத்து மருமகனின் தூக்கம். பிள்ளையை அடக்குவதற்குப் பதிலாக அவர் தூங்கும் இடத்தை மாற்றினால் என்ன என்று எனக்குத் தோன்றியது. என் வீட்டின் பின்கட்டு அறை பகலில் சும்மாதான் கிடந்தது. ஆனால் மாமியார் வீட்டில் பட்டப்பகலில் போய்ப் படுப்பது எந்த மாப்பிள்ளைக்கும் அவ்வளவு எளிதல்ல. "மாப்ள, உங்களுக்காகக் கேக்கலீங்க, அவனுக்காகக் கேக்கறேன். நீங்க வேற இடத்துல படுத்தீங்கன்னா அவன் வூட்ல கத்தி விளையாடுவான்" என்றேன். வெகுநேரம் தரையையே பார்த்துக்கொண்டிருந்தவர், "நான் தூங்கறதுதான் காரணமாங்க அத்தை?" என்று கேட்டார். அந்தக் கேள்விக்கு எனக்குப் பதில் தெரியவில்லை. ஒரு வாரம் கழித்துப் பாயையும் துண்டையும் எடுத்துக்கொண்டு வந்தார். வெயில் காலத்து ஓட்டு வீட்டைவிட அந்த அறை குளிர்ச்சி என்பதால், பிறகு அவரே தொடர்ந்தார்.

மகளின் நேரத்தை மாற்றுவதுதான் கடினமாக இருந்தது. அவள் பவர் டேபிள் என்னும் தையல் மிஷின் வரிசையில் பீஸ் ரேட் வேலை பார்த்தவள். அங்கே ஒரு குழுவாகச் சேர்ந்து தைத்து, எண்ணிக்கைப்படி கூலியைப் பிரித்துக்கொள்வார்கள், நடுவில் ஒருத்தி எழுந்து போனால் மற்றவர்களின் கூலியும் போகும். வாரத்தில் மூன்று நாளாவது ஐந்தரைக்கு இறங்க வேண்டுமென்றால் ஷிப்ட் கூலிக்கு மாறுவதைத் தவிர வழியில்லை. கணக்குப் போட்டுப் பார்த்தோம், வாரத்துக்கு எழுநூறு ரூபாய்க்கு மேல் அடிபடும். இருசக்கர வண்டியின் தவணை முடியும்வரை தள்ளிப்போட்டு, செப்டம்பரில்தான் மாறினாள். குழந்தைக்காக நேரம் ஒதுக்குங்கள் என்று மேடையில் பேசுகிறவர்கள் இந்த எழுநூறு ரூபாயைப் பற்றி ஒரு வார்த்தை சொல்வதில்லை என்பதில் எனக்குக் கோபம் உண்டு.

ஆனால் பணம் செலவாகாத ஒரு மாற்றம்தான் நாங்கள் எதிர்பாராத பலனைக் கொடுத்தது. மகள் ஒன்பது மணிக்கு வந்து பிள்ளையைக் கொஞ்சி, ஊட்டி, விளையாட வைத்துத் தூங்கவைக்கப் பதினொன்றரை ஆனது பாசத்தால்தான், அவளுக்குக் கிடைத்த நேரம் அது ஒன்றுதான். நான் எட்டரைக்கே தூங்கவைத்துவிடுகிறேன் என்றபோது, "அப்ப நான் எப்ப அவனப் பாக்கறது?" என்று அழுதாள். ஒரு வாரம் மட்டும் பார்ப்போம் என்றேன். மாலை ஆறரைக்கு வெந்நீரில் குளியல், ஏழுக்குக் குழையப் பிசைந்த சோறு, விளக்கை அணைத்துவிட்டு வாசல் திண்ணையில் மடியில் போட்டுக்கொண்டு காக்காக் கதை, எட்டரைக்குள் தூக்கம். மகள் வந்து தூங்குகிறவனைத் தூக்கிப் போவாள். நான்காவது நாள் காலை ஆறேகாலுக்கு அவனாகவே எழுந்து உட்கார்ந்திருக்கிறான். அவள் வேலைக்குக் கிளம்ப எட்டு மணி. இரவில் அரைத் தூக்கத்தில், களைப்பில், கத்தலில் கழிந்த நேரம் அப்படியே காலைக்கு மாறியது. அப்பாவும் வேலையிலிருந்து திரும்பாத நேரம் ஆகையால் யாரையும் அடக்க வேண்டியதில்லை. அவள் சட்னிக்கு வெங்காயம் உரிக்க, அவன் தோலைப் பொறுக்கிக் குப்பையில் போட, "இது வெங்காயம், இது தோலு, கண்ணு எரியுதா சாமி?" என்று பேச்சு தானாக வந்தது.

எல்லாம் இப்படி நன்றாகப் போகவில்லை. செல்போனை ஒரே நாளில் நிறுத்தியது முட்டாள்தனம். இரண்டு நாள் சோறு தொடாமல் தலையைத் தரையில் முட்டி அழுதான், இரண்டாம் நாள் இரவு மகள் எனக்குத் தெரியாமல் கொடுத்துவிட்டாள். அழுதால் கிடைக்கும் என்று கற்றுக்கொண்டதுதான் மிச்சம். பிறகு சாப்பாட்டு நேரத்தில் மட்டும் செல்போன் இல்லை என்று தொடங்கினோம். திரையைப் பார்த்துக்கொண்டே உண்ணும் பிள்ளைக்கு வயிறு நிறைந்ததும் தெரியாது, வாயில் இருப்பது என்னவென்றும் தெரியாது. இந்த விதி பெரியவர்களுக்கும் சேர்த்துத்தான் என்று வைத்தபோது முதலில் மீறியது என் வீட்டுக்காரர். சாப்பிடும் முன் எல்லோருடைய செல்போனையும் அரிசி டப்பாவின் மேல் வைத்துவிட வேண்டும், அதை வாங்கி வைக்கும் வேலை பேரனுக்கு. தாத்தாவின் சட்டைப் பையிலிருந்து அதைப் பிடுங்குவதில் அவனுக்கு அப்படியொரு சந்தோஷம். பாட்டிலை நிறுத்த வேறு வழி கையாண்டேன். இரவுப் பாலில் சர்க்கரையை விட்டு, நாளுக்கு நாள் தண்ணீரைக் கூட்டிக்கொண்டே போய், இரண்டு வாரத்தில் வெறும் தண்ணீராக்கினேன், அவனாகவே வேண்டாம் என்று தள்ளிவிட்டான். பகலில் டம்ளரில் இரண்டு முறை பால் போதும் என்றானதும், மையத்தில் முட்டை இறங்கத் தொடங்கியது.

அக்டோபரில் எடை 12 கிலோவைத் தொட்டது. சொற்கள் எத்தனை என்று எண்ணுவதை எப்போது விட்டோம் என்று நினைவில்லை. இரண்டு சொற்களைச் சேர்த்து அவன் பேசி நான் முதலில் கேட்டது ஒரு ஞாயிற்றுக்கிழமை. என் பின்கட்டு அறைக் கதவைத் தட்டிக்கொண்டு, "அப்பா, எந்திரி" என்று கத்தினான்.

என் வீட்டில் கண் திறந்த பிறகுதான் மையத்துப் பிள்ளைகளையும் அவர்கள் வீட்டுக் கடிகாரத்தோடு சேர்த்துப் பார்க்கத் தொடங்கினேன். நான்கு வயதுப் பெண் குழந்தை ஒன்று அடிக்கடி வயிற்றுவலி என்று சுருண்டு படுக்கும். பூச்சி மாத்திரை கொடுத்தாயிற்று, ஆரம்ப சுகாதார நிலையத்தில் காட்டியாயிற்று, ஒன்றும் இல்லை என்றார்கள். பழைய வருகைப் பதிவேட்டில் அந்த நாட்களைப் பென்சிலால் குறித்துக்கொண்டே வந்தேன், ஆறில் ஐந்து சனிக்கிழமையாக வந்தது. சனிக்கிழமை எங்கள் ஊரில் சம்பள நாள். கம்பெனிகளில் வாரக் கூலி கைக்கு வரும், அன்று மாலை மளிகைக் கடையிலும் கூட்டம், டாஸ்மாக் கடையிலும் கூட்டம். கவனித்துப் பார்த்தபோது, அந்தக் குழந்தை சனிக்கிழமையன்று தோளில் மாட்டிய பையைக் கழற்றுவதே இல்லை. மதியம் மற்றப் பிள்ளைகளோடு பாயில் படுக்க வைத்தாலும் பையோடுதான் படுக்கும், கண் மூடாது.

அப்பா நல்ல மனிதர். அயர்ன் மாஸ்டர். திங்கள் முதல் வெள்ளி வரை மகளைச் சைக்கிளின் முன்னால் உட்கார வைத்துக் கொண்டுவந்து விடுவார். ஒருநாள் அவரைத் தனியாக நிறுத்திக் கேட்டபோது, "எம் பொண்ணு மேல இன்னிக்கு வரைக்கும் ஒரு கை வெச்சதில்லீங்க டீச்சர்" என்றார். பொய்யில்லை என்று நினைக்கிறேன். அவருக்கும் மனைவிக்கும்தான் சண்டை, அதுவும் மகள் தூங்கிய பிறகு என்று நம்பிக்கொண்டிருந்தார். பத்துக்குப் பன்னிரண்டு அடி அறையில் எந்தக் குழந்தையும் அதைக் கேட்காமல் தூங்க முடியாது. நான் அவருக்கு அறிவுரை எதுவும் சொல்லவில்லை, பென்சில் குறி போட்ட பதிவேட்டை மட்டும் காட்டினேன். தேதிகளை விரல் வைத்துப் படித்தார். அதன் பிறகு அவர் குடியை விட்டுவிட்டார் என்று எழுதத்தான் எனக்கும் ஆசை. விடவில்லை. சனிக்கிழமை குடித்தால் இரவு கம்பெனி நண்பர்களின் அறையிலேயே தங்கிவிட்டு ஞாயிறு காலை வருவது என்று அவர்களுக்குள் ஓர் ஏற்பாடு ஏற்பட்டது. அவர் மீறி வந்துவிட்ட இரவுகளில் தாயும் மகளும் அதே லைனில் இருக்கும் ஒரு பாட்டி வீட்டில் படுத்துக்கொண்டார்கள். கை நீட்டும் நிலை வந்தால் 181 என்ற எண்ணை அழைக்க வேண்டும் என்று அந்தத் தாயிடம் சொல்லி, செல்போனில் பதிவு செய்தும் கொடுத்தேன். மூன்று மாதம் கழித்து ஒரு சனிக்கிழமை மதியம் பாய் விரித்தபோது அந்தப் பெண் பையைக் கழற்றித் தலைமாட்டில் வைத்துக்கொண்டு தூங்கியது. அடுத்த வாரம் மறுபடி மாட்டிக்கொண்டுதான் படுத்தது.

இதையெல்லாம் கேட்டுவிட்டு, பெண்கள் வேலைக்குப் போவதால்தான் இந்தச் சீர்கேடு என்று தலையாட்டுகிறவர்கள் உண்டு. அவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. என் பேரன் பேச்சை இழந்தது அவன் அம்மா வீட்டில் இருந்த இரண்டு ஆண்டுகளில். முப்பதுக்கும் அதிகமான பெண்கள் வேலை செய்யும் ஆலையில் அவர்களுடைய ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்குக் காப்பகம் இருக்க வேண்டும் என்று 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டமே சொன்னது. என் மகள் வேலை பார்த்த இடங்களில் ஒன்றில் அப்படியொரு அறை இருந்தது, அதில் துணி மூட்டைகளை அடுக்கியிருந்தார்கள். வசதி இருந்தால் சரியாகிவிடும் என்றும் சொல்ல முடியாது. எங்கள் தெருவில் மாடி வீட்டுப் பிள்ளை ஒன்றுக்குத் தனி அறையும் சொந்தமாக ஒரு டேப்லெட்டும் உண்டு, அதற்கும் அதே பால் பாட்டில், அதே மலச்சிக்கல், பேசுவது மட்டும் கார்ட்டூன் பொம்மையின் குரலில்.

பேரனுக்கு இப்போது பேச்சைப் பற்றிய கவலை இல்லை, குரலைப் பற்றித்தான். போன மாதம் மகள் வீட்டு வாசலில் அவன் தகர டப்பாவை உதைத்துக்கொண்டு, தானே கிரிக்கெட் வர்ணனை சொல்லிக் கத்திக்கொண்டிருந்தபோது, பக்கத்து வீட்டுக் கதவு திறந்தது. ஒடிசாவிலிருந்து புதிதாகக் குடிவந்த பையன், இரவு ஷிப்ட் பார்க்கிறவன், கண் சிவந்து நின்றான். தமிழ் அவ்வளவாக வராது. விரலை உதட்டில் வைத்துக் காட்டி, கையை மடித்துக் கன்னத்தில் வைத்துத் தூங்க வேண்டும் என்று கெஞ்சினான். அவன் மேல் எனக்குக் கோபமே வரவில்லை. பேரனின் கையைப் பிடித்து, டப்பாவையும் எடுத்துக்கொண்டு, தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் உள்ள வேப்பமரத்தடிக்கு நடந்தேன். "எதுக்கு அம்மாயி போறோம்?" என்று வழியெல்லாம் கேட்டுக்கொண்டே வந்தான். "அந்தண்ணன் தூங்கோணும் சாமி, நீ அங்க வந்து எவ்வளவு வேணும்னாலும் கத்து" என்றேன்.